இடப்பக்கம் உயர்ந்த கார்

கார் கம்பெனியில் அவனுக்குக் கொடுத்திருந்த பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புகார்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர்கள் கார் வாங்கிய பிறகு என்ன சொல்லித் திட்டினாலும் அதைக் கேட்டுக்கொள்வது அவன் வேலை. கேட்டுக்கொண்டு, போய்ப் பார்த்து, சரிசெய்யவைத்து, திட்டியவர் வாயாலேயே 'பரவாயில்லை' என்று சொல்லவைக்க வேண்டும்.

ஊரில் கார் வைத்திருந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கம்பெனியின் காரை வைத்திருந்தவர்கள் அதிலும் கொஞ்சம் பேர். ஒரு வீடு கட்டும் காசைக் கொட்டி வாங்கியவர்கள். நடுத்தெருவில் கார் நின்றுபோனால் அவர்களுக்கு மானமே போனது மாதிரி. பின்னால் வந்த குதிரை வண்டிக்காரன் 'தள்ளி விடட்டுங்களா?' என்று கேட்டுவிட்டால் போதும், அந்தக் கோபம் மறுநாள் காலையில் அவன் மேசைக்கு முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும்.

அவன் குறுக்கே பேசமாட்டான். அவர்கள் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கும்வரை விடுவான். முதல் முறை சொல்வது கோபம், இரண்டாம் முறை சொல்வதுதான் வண்டியில் இருக்கும் குறை என்பது அவன் அனுபவம். பிறகு வண்டியில் ஏறுவான். டிரைவர் பக்கத்தில் உட்காரமாட்டான். புகார் சொன்னவர் வழக்கமாக எங்கே உட்காருவாரோ அங்கேயே போய் உட்காருவான். ஒரே சத்தம் முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியும் கேட்கும்.

கம்பெனியில் ஒரு கட்டளை இருந்தது. 'பழுது' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. நம் வண்டி பழுதாகாது என்பார் மானேஜர். அப்படியும் ஒன்று நின்றுபோனால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று ரோடு, இல்லையென்றால் டிரைவர். ரோட்டைக் குறை சொல்ல வழியில்லை, நகரசபைத் தலைவரும் நம் வாடிக்கையாளர். ஆகவே டிரைவர்.

இது டிரைவர்களுக்கும் தெரிந்த கதைதான். வண்டியைக் கம்பெனி சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். ஓட்டிய விதம் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடும். டிரைவர் தலையைக் குனிந்து இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு, 'பயிற்சி' என்ற பெயரில் சில நாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவார். அதுவரை அதனால் யார் வேலையும் போனதில்லை. அதனால் அவனும் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை.

நூலாலை முதலாளி வந்த அன்றுதான் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆலைக்காரர் ஒல்லியான, உயரமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சொன்னார். வண்டி வலது பக்கமாகச் சாய்கிறது. அவர் உட்காரும் பக்கம். கடைக்காரன் கட்டைவிரல் வைத்த தராசு மாதிரி ஒரு பக்கமாகவே நிற்கிறது. மேடு பள்ளத்தில் போனால் இடது பின்சக்கரத்துக்கு மேலே, யாரோ அடியிலிருந்து முட்டியால் இடிப்பது போல 'டக்' 'டக்' என்று ஒரு சத்தம். டிரைவர் எங்கேயோ பள்ளத்தில் விட்டு எதையோ வளைத்துவிட்டான். கேட்டால் இல்லை என்கிறான்.

அவர் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கவில்லை. பதிலாக வேறொன்று சொன்னார். போன மாதம் குடையைத் தேடும்போது பின்சீட்டுக்கு அடியில், இடது பக்கம், ஒரு மணல் மூட்டை இருந்ததாம். எதற்கென்று கேட்டதற்கு டிரைவர் வாயே திறக்கவில்லையாம்.

"தப்பு பண்ணாதவன் எதுக்கு மூட்டையை ஒளிச்சு வைக்கிறான்? சாயறது எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே?"

அந்த டிரைவர் குதிரை வண்டிக் காலத்திலிருந்து அவரிடம் இருப்பவர். கார் வந்ததும் கம்பெனிக்கே அனுப்பி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அவ்வளவு நாள் இருந்தவனை ஒரு சந்தேகத்தில் அனுப்ப மனசு வரவில்லை என்றார் ஆலைக்காரர். கம்பெனி பார்த்துச் சொல்லட்டும். பள்ளத்தில் விட்டிருந்தால் இந்த மாதத்தோடு கணக்கு முடித்துவிடுவார். யார் வந்து கேட்டாலும் அவனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுவார். ஊரில் இருப்பதே கொஞ்சம் கார். அவர் ஒருவர் சொன்னால் போதும், அந்த மனிதன் இனி எந்த வண்டியையும் தொட முடியாது.

"நீங்க இல்லன்னா, இல்ல. உங்க வார்த்தைக்கு விடறேன்."

அவர் போன பிறகு மானேஜர் கூப்பிட்டார். ஆலைக்காரர் தன் மைத்துனருக்கு இன்னொரு கார் வாங்கித் தரப்போகிறார், பேச்சு முடிகிற கட்டத்தில் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என்ன பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

*

ஆலைக்காரர் வீட்டு ஷெட் பழைய குதிரை லாயம். சுவரில் சேணம் மாட்டிய ஆணிகள் அப்படியே இருந்தன. இப்போது அவற்றில் எண்ணெய்த் துணிகளும் ஒரு பழைய டயரும் தொங்கின. தரை ஈரமாக, சுத்தமாக இருந்தது. டிரைவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, வணக்கம் சொல்லி, ஒதுங்கி நின்றார். கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை, நரைக்கத் தொடங்கிய மீசை. திட்டு வாங்கத் தயாராக வந்து நிற்கும் டிரைவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இவர் அப்படி நிற்கவில்லை. கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ என்கிற மாதிரி நின்றார்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய எஃகுப் பட்டைகள்தான் வண்டியின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பள்ளத்தில் விழுந்த வண்டி பொய் சொல்லாது. பட்டையைக் கட்டிய வளையம் நகர்ந்திருக்கும், அந்த இடத்தில் பெயின்ட் வெடித்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டறையிலிருந்து போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஆலைக்காரர் வந்தார். ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். அவர் பின்சீட்டில் வலது பக்கம் ஏறினார். அவன் சுற்றிப் போய் இடது கதவில் கை வைத்தான்.

"முன்னாடி உட்காருங்க" என்றார் அவர்.

முன்னாடி உட்கார்ந்தான். ஆலைக்குப் போகும் கல்பாவிய சாலையில் சத்தம் கேட்டது. அவர் சொன்னது சரிதான். யாரோ முட்டியால் இடிக்கும் சத்தம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஆலைக்காரர் டிரைவரின் பின்கழுத்தைப் பார்த்தார்.

வீடு திரும்பி அவர் உள்ளே போனதும் அவன் இன்னொரு சுற்று போகச் சொன்னான். இந்த முறை பின்சீட்டில், அவர் இடத்தில். உடம்பு தானாக வலது கதவோடு ஒட்டிக்கொண்டது. அதே 'டக்', 'டக்'. பாதி வழியில் சீட்டில் நகர்ந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தான்.

சத்தம் பாதியாகக் குறைந்தது. வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கம்பெனியில் காரைச் சும்மா ஓட்டிக் கொடுத்து அனுப்பமாட்டார்கள். வாங்கியவர்கள் குடும்பத்தோடு பட்டறைக்கு வர வேண்டும். வெளியே போகும்போது உடுத்தும் உடையில், தினமும் உட்காரப்போகும் இடத்தில், அவரவர் உட்கார வேண்டும். மேஸ்திரி ஒரு அளவுகோலை வைத்துத் தரையிலிருந்து மட்கார்டு வரைக்கும் இரண்டு பக்கமும் அளப்பார். ஒரு பக்கம் பதிந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கூட்டுவார். இரண்டு பக்கமும் மட்டமாகும்வரை வேலை நடக்கும். அந்த வண்டி அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் சரியாக நிற்கும். மானேஜர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆலைக்காரரும் அவர் மனைவியும் வந்த நாள் அவனுக்கு நினைவிருந்தது. அந்த அம்மாள் கணவரைப் போல இரண்டு மடங்கு. வலது கதவைத் திறந்துவிட்டபோது, அந்தப் பக்கம் அவருக்கு, எனக்கு இந்தப் பக்கம் என்று சுற்றிவந்து ஏறினாள். வண்டி இடது பக்கம் ஒரு முறை இறங்கி எழுந்தது. 'மேஸ்திரி, அளவைச் சத்தமாகச் சொல்லிடாதீங்க, இவர் எனக்குச் சாப்பாட்டை நிறுத்திடுவார்' என்றாள். பட்டறையே சிரித்தது. ஆலைக்காரர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி இடது பக்கம் ஒரு பட்டையைக் கூட்டினார்.

போன வருடம் அவள் இறந்துபோனாள். கம்பெனியிலிருந்து மாலை போனது. அந்தப் பட்டையை யாரும் நினைக்கவில்லை.

அவளைத் தாங்கப் போட்ட பட்டை, தாங்குவதற்கு ஆள் இல்லாமல் இடது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெறும் சீட்டைச் சுமப்பதற்கு அது ரொம்பவும் விறைப்பு. அதனால்தான் அந்த இடிப்பு.

சாலை ஓரமாக, ஒரு மதில் நிழலில், நிறுத்தச் சொன்னான். டிரைவர் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்று கேட்டான்.

"தெரியும் சார்."

"எப்போதிலேர்ந்து?"

"அம்மா போன அடுத்த வாரமே. ஐயாவை ஆலைக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் திருப்பத்துலயே கையில தெரிஞ்சிடுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படி சார் சொல்றது? 'ஐயா, அம்மா இல்ல, அதான் வண்டி சாயுது'ன்னா? நீங்க சொல்லுவீங்களா?"

 டிரைவரே மீதியையும் சொன்னார். அந்த வீட்டில் யாரும் ஐயாவின் முன்னால் அம்மாவின் பேச்சை எடுப்பதில்லை. சமையல்காரி, தோட்டக்காரன், வந்துபோகும் உறவுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. சாய்வையும் சத்தத்தையும் ஐயா முதலில் கவனிக்கவில்லை. கவனிக்கத் தொடங்கியதும் டிரைவருக்குப் பயம் வந்தது. ஒருநாள் சாக்கில் மணலைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, குறைத்து, கூட்டி, ஸ்டீயரிங் பழையபடி கையில் நிற்கும்வரை விடவில்லை. இடது சீட்டுக்கு அடியில் வைத்துத் துணியால் மூடினார். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு மழை வந்தது. ஐயா குடையைத் தேடினார்.

"என்னடா இதுன்னு கேட்டாரு. வாய் வரைக்கும் வந்துடுச்சு சார். என் பொண்டாட்டியை மூட்டையாக்கிட்டியான்னு கேட்டுட்டாருன்னா? அப்புறம் நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது?"

முன்னால் பார்த்தபடியே, "வேலை போனா போகட்டும் சார். பள்ளத்துல விட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை வச்சுக்கிட்டு நான் வேற எங்கயும் பிழைக்க முடியாது" என்றார்.

*

வீட்டில் அவன் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் மேசையை விரலால் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மேசைக்கு என்ன குறைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? இல்ல, அதுக்கும் டிரைவர்தான் காரணமா?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவளிடம் சொல்லும்போதுதான் அவனுக்கே கணக்குத் தெளிவானது. முதல் வழி, டிரைவர் பள்ளத்தில் விட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டு, ஒரு பட்டையைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டால் வண்டி நிமிர்ந்துவிடும். மானேஜருக்குச் சந்தோஷம். டிரைவர் வயிற்றில் அடித்ததாகும். இரண்டாவது, பட்டை தளர்ந்துபோச்சு, தப்பு எங்களுடையது என்று சொல்லலாம். டிரைவர் பிழைப்பார். மானேஜர் இவனைப் பிழைக்கவிடமாட்டார். மூன்றாவது, உள்ளதைச் சொல்வது. சொன்னால் அந்த மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவள் ஒரு போர்வையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

"அந்த அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

அளவைச் சத்தமாகச் சொல்லாதே என்று மேஸ்திரியிடம் சொன்ன கதையை அவன் சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, போர்வையை அலமாரியில் வைத்தாள்.

"நான் செத்துப்போனா உங்களுக்கு எது சாயும்னு யோசிக்கிறேன்."

"உளறாத."

"கட்டில் சாயாது. நான் ஒல்லி."

 அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"எல்லாரும் அவர் பாவம், அவர் பாவம்னு வாயை மூடிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்றீங்க. எனக்கு அந்த அம்மாதான் பாவமா இருக்கு. அவ்வளவு பேசின பொம்பளை. இப்ப அவங்களைப் பத்தி அந்த வீட்டுல ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கார்தான் சொல்லிக்கிட்டிருக்கு, அதையும் ரிப்பேர் பண்ணப் போறீங்க."

மறுநாள் காலையில் அவன் மானேஜர் அறைக்குப் போனான். இரண்டாவது வழியை முதலில் சொல்லிப் பார்த்தான். மானேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். நம் பட்டை தளரும் என்று ஒரு வாய் சொன்னால் நாளைக்கு ஊரே சொல்லும் என்றார். ஒரு டிரைவருக்காகவா என்று கேட்டார். அப்படியென்றால் வண்டியை மறுபடி அளக்க வேண்டும், ஆலைக்காரரையே வரச்சொல்லி உட்காரவைத்து அளக்க வேண்டும், அதுதானே நம் முறை என்றான் அவன். யாரை வைத்து அளப்பாய் என்று கேட்டார் மானேஜர். அவரை வைத்துத்தான் என்றான்.

மானேஜர் அவனை நிமிர்ந்து பார்த்தார். இடது சீட்டு காலி என்பது அவருக்கும் அப்போது விளங்கியது. அந்த மைத்துனர் கார் ஆர்டர் கைவிட்டுப் போனால் அது போகும் வண்டியிலேயே நீயும் ஏறிக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

பட்டறையின் நடுவில் மட்டம் பார்த்துப் பாவிய கல்தரை ஒன்று உண்டு. கார் அதில் நின்றது. மேலே கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நேராக விழுந்தது. டிரைவர் சுவரோரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆலைக்காரர் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரி குனிந்து அளந்தார், சுற்றிப் போய் மறுபக்கம் அளந்தார். இடது பக்கம் இரண்டு விரல் உயரம் என்றார்.

"நான் சொன்னேனே" என்றார் ஆலைக்காரர். "எதை வளைச்சிருக்கான்?"

"இன்னும் அளந்து முடிக்கலை ஐயா" என்றான் அவன். "எங்க முறைப்படி எல்லாரும் அவங்கவங்க இடத்துல உட்காரணும்."

"உட்கார்ந்துதானே இருக்கேன்."

"இடது பக்கம் யாரு ஐயா உட்காருவாங்க?"

அந்தக் கேள்வியைப் பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள். அரம் தேய்த்துக்கொண்டிருந்தவன் தேய்ப்பதை நிறுத்தினான். ஆலைக்காரர் தனக்குப் பக்கத்தில் இருந்த சீட்டைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தார்.

"யாரும் இல்ல" என்றார்.

"அதான் ஐயா குறை."

அவன் ஜன்னல் பக்கமாக வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், மெல்லச் சொன்னான். எதுவும் வளையவில்லை, எதுவும் உடையவில்லை. வண்டி நாங்கள் கொடுத்தபடியே இருக்கிறது. இரண்டு பேருக்காகச் செய்த வண்டி. இப்போது ஒருவரை வைத்துக்கொண்டு ஓடுகிறது. டிரைவர் அதை எந்தப் பள்ளத்திலும் விடவில்லை.

 ஆலைக்காரர் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் நல்லது, திட்டைக் கேட்டு அவனுக்குப் பழக்கம் உண்டு. அவர் இறங்கினார். கதவைச் சாத்தினார்.

"அப்போ அந்த மூட்டை?" என்று கேட்டார்.

அவன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவனே சொன்னான்.

"அம்மா எடைக்கு வச்சது ஐயா."

"நிரூபிங்க" என்றார் ஆலைக்காரர். அந்தச் சொல் ஆலையில் வேலையாளிடம் சொல்வது போல வந்தது.

நெருப்புப் பிடித்தால் அணைக்கப் பட்டறை மூலையில் மணல் குவித்து வைத்திருந்தார்கள். டிரைவர் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனார். மண்டியிட்டு, கையாலேயே அள்ளிப் போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலைக்காரரும் மெல்ல அங்கே போய் அவருக்குப் பின்னால் நின்றார். டிரைவர் சாக்கின் வாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். போதும் என்று கட்டப்போனார்.

"போதாது" என்றார் ஆலைக்காரர்.

டிரைவர் கை நின்றது.

"குறைச்சுப் போடறே. அவ இதைவிட..."

 டிரைவர் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆலைக்காரர் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். பிறகு, சரி என்று தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டிய விதத்தைப் பார்க்க முடியாமல் மேஸ்திரி அளவுகோலைத் துடைக்கத் தொடங்கினார்.

மூட்டையை இருவராகத் தூக்கிவந்து இடது சீட்டில் வைத்தார்கள். வண்டி அந்தப் பக்கம் ஒரு முறை இறங்கி எழுந்தது. ஆலைக்காரர் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார். இந்த முறை பக்கத்தில் பார்த்தார். மேஸ்திரி அளந்தார். இரண்டு பக்கமும் மட்டம் என்றார். வழக்கமாக அதைச் சத்தமாகச் சொல்லுவார். அன்று அப்படிச் சொல்லவில்லை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல நீ?" என்று உள்ளேயிருந்தபடியே கேட்டார் ஆலைக்காரர்.

"ஏன் சாயுதுன்னு நீங்க கேட்கல ஐயா, எந்தப் பள்ளம்னுதான் கேட்டீங்க" என்றார் டிரைவர்.

மூட்டையை இறக்கினார்கள். ஒரு ஆளுக்குத் தகுந்தபடி வண்டியை மாற்ற முடியுமா என்று ஆலைக்காரர் கேட்டார். இடது பக்கம் ஒரு பட்டையை எடுத்தால் போதும் என்றான் அவன். யோசித்து இன்னொரு நாள் வரலாம், அவசரமில்லை என்றும் சொன்னான்.

"எடுங்க" என்றார்.

வேலை முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். அலுவலகத்தில் உட்காரச் சொன்னார்கள், போகவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கியதையும், சக்கரம் கழன்றதையும், வளையத்தை நெகிழ்த்தி அடுக்கிலிருந்து ஒரு பட்டையை மட்டும் உருவியதையும் பார்த்தார். மேஸ்திரி அந்தப் பட்டையைத் துணியால் துடைத்து அவரிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை.

"அது எனக்கு எதுக்கு? வேற வண்டிக்கு ஆகும்னா போடுங்க."

எல்லாம் திரும்ப மாட்டியதும் மறுபடி அளந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருக்க, வண்டி மட்டமாக நின்றது. ஆலைக்காரர் அவனிடம், கம்பெனி வார்த்தைக்கு விட்டது வீண்போகவில்லை என்றார். பள்ளத்தில் விட்டான் என்று தான் சொன்னதைத் தானே எல்லோரிடமும் மறுத்துச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். மாடியில் மானேஜர் ஜன்னலில் நிற்பது தெரிந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிரைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

"நான்தான் உன்னைப் போகச் சொல்லலையே இப்போ."

"தெரியும் ஐயா. மூட்டையைப் பார்த்ததுலேர்ந்து தினமும் வண்டியை விட்டு இறங்கினதும் நீங்க சக்கரத்தைத்தான் பார்த்தீங்க. சக்கரத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவீங்க. வீட்டுக்குள்ள போற வரைக்கும் நான் நிக்கணும். அதுக்கப்புறம் வண்டியை எடுக்க எனக்குக் கை வரல."

கோபமாகச் சொல்லவில்லை. இது அவருடைய புகார், இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. எத்தனையோ பேருடைய புகாரைக் கேட்டிருக்கிறான். ஒரு டிரைவருடையதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆலைக்காரர், "உன் இஷ்டம்" என்றார்.

டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஆலைக்காரர் வந்தார். திறந்திருந்த கதவைத் தாண்டி, வண்டியைச் சுற்றி மறுபக்கம் நடந்தார். முன்கதவைத் தானே திறந்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத கைப்பிடி. இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. ஏறி, டிரைவரின் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அளவு பின்சீட்டுக்கு வச்சது..." என்று மேஸ்திரி மெதுவாக ஆரம்பித்தார்.

"விடுங்க மேஸ்திரி" என்றான் அவன்.

டிரைவர் கொஞ்ச நேரம் திறந்த பின்கதவோடு அப்படியே நின்றார். பிறகு அதைச் சாத்தினார். வண்டிக்கு முன்னால் போய், என்ஜினைக் கிளப்பும் ஹேண்டிலைச் செருகி, குனிந்து சுழற்றினார். முதல் முறை எடுக்கவில்லை. நிமிர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி குனிந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் பின்சீட்டிலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரு முதுகும் ஒரு தொப்பியும்தான்.

என்ஜின் எடுத்தது. வண்டி பட்டறையைத் தாண்டி வாசல்வரை போய் நின்றது. தெருவில் ஒரு குதிரை வண்டி கடந்து போனது. பிறகு வழி காலியாகவே இருந்தது. ஆலைக்காரர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வண்டியை எடுக்கவும் இல்லை.